பாட்டில் வழிந்த நாள்

தம்பி,

திங்கட்கிழமை நீ கொடுக்கப்போகும் அறிக்கையைக் கொடுக்காதே. அதில் ஓர் எண் பொய். அதை எழுதியவள் நான். இதை உன் எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் முயன்று பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "குழம்புல உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டேன். நீயும் சரியாக இருக்கிறது என்றாய். முப்பது வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவள், பிள்ளைகள் ஒரு விடையை மழுப்பினால் காதைத் திருகியவள், சொந்தப் பிள்ளையிடம் உப்பைப் பற்றி விசாரித்துத் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு எழுத்தில்தான் கொஞ்சம் தைரியம் வரும். இதன் ஒரு பிரதியைப் பங்குச் சாமியாரிடமும் கொடுத்திருக்கிறேன், அடுத்த மாத இதழில் போடச் சொல்லி. கோபப்படாதே. ஏன் ஊரறியச் சொல்ல வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது.

போன மாதம் நீ அடையாறிலிருந்து வந்து, என் இரும்புப் பெட்டியைத் திறந்து, மழை நோட்டுகளை எல்லாம் சாப்பாட்டு மேசையில் அடுக்கினாயே, அன்று எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? தி.நகரில் இருக்கிற உன் ஆபீஸில் நம் தெருக்களுக்குப் புதிய மழைநீர் வடிகால் வரைகிறீர்கள் என்றாய். பக்கத்தில் வேறு எங்கேயும் இத்தனை வருஷம் விடாமல் மழை அளந்த கணக்கு இல்லை, பள்ளிக்கூடத்து மழைமானியில் நான் அளந்ததுதான் கைகொடுக்கப் போகிறது என்றாய். லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்கே பாடம் எடுத்தாய். வருஷத்துக்கு ஒரு நாள், மிகப் பெரிய மழை பெய்த நாள், அதை மட்டும் பொறுக்கி எடுப்பீர்கள். அந்தப் புள்ளிகளுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு கோடு வரைவீர்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை எவ்வளவு கொட்டும், இருபத்தைந்து வருஷத்துக்கு ஒரு முறை எவ்வளவு கொட்டும் என்று அந்தக் கோடு சொல்லும். நாள் மழையை மணிக்கும் கால் மணிக்கும் பிரிக்க ஒரு சூத்திரம். அதிலிருந்து பைப்பின் அகலம். எல்லாம் சொல்லிவிட்டு, கோட்டின் மேல் முனையில் இருந்த ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினாய். "இத பாரும்மா, கோட்டு மேல எப்படிக் கச்சிதமா உக்காருது. இந்த ஒரு புள்ளிதாம்மா மொத்தத்தையும் பிடிச்சு நிறுத்துது. இதனாலதான் அடுத்த சைஸ் பைப்புக்குப் போக வேண்டியதில்லைன்னு தைரியமா எழுத முடிஞ்சுது."

அது எந்த நாள் என்று உனக்கும் தெரியும். அதனால்தான் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "அன்னிக்கு யாரும்மா ரீடிங் எடுத்தது? வாட்ச்மேனா?" என்று கேட்டாய். நான் "ம்" என்றேன். தம்பி, அந்த ஒரு "ம்"மோடு என் பொய்களின் எண்ணிக்கை மூன்றாயிற்று. முதல் இரண்டையும் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்த மழைமானி எப்படி என்னிடம் வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். நீ பிறப்பதற்கு முன்னால், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மழை அளக்கும் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து பள்ளி மைதானத்தின் ஓரத்தில் அதை நட்டுவிட்டுப் போனார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. மேலே ஒரு புனல், உள்ளே ஒரு பாட்டில், அதை மூடி ஒரு டப்பா, அளக்க ஒரு கண்ணாடிக் குவளை. தினமும் காலை எட்டரைக்குப் பாட்டிலை எடுத்துக் குவளையில் ஊற்றி அளந்து எழுத வேண்டும். மற்ற டீச்சர்கள் எல்லாரும் நைசாக நழுவிவிட்டார்கள். நான் மாட்டிக்கொண்டேன். ஒரு மாதத்திலேயே அது எனக்குப் பித்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லாரும் நின்று பேசிக்கொண்டிருக்கையில் நான் முக்காட்டை எடுத்துவிட்டு மைதானத்துக்கு ஓடுவேன். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்த உன் அப்பா, எனக்கென்று தடித்த அட்டை போட்டு, முதுகில் சிவப்புத் துணி ஒட்டி, மழை நோட்டுகளைத் தைத்துக்கொடுத்தார். நீ பிரித்துப் பார்த்தாயே, இத்தனை வருஷத்தில் ஒரு தாளாவது கழன்றிருந்ததா? அவர் வேலை அப்படி. ஆனால் கிண்டலுக்குக் குறைவிருக்காது. வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்க டீச்சரம்மாவுக்கு ரெண்டு வீட்டுக்காரரு. ஒண்ணு நானு. இன்னொண்ணு மைதானத்துல நனைஞ்சிகினு நிக்குது" என்பார். நான் முறைப்பேன். அவர் சிரிப்பார்.

நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு பொறியாளர் என் நோட்டுகளைப் பார்க்க வந்தார். அவர்தான் முதன்முதலில் எனக்கு அந்த விஷயத்தைச் சொன்னார். "டீச்சர், நீங்க முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் எழுதுறீங்க. வடிகால் டிசைனுக்கு நாங்க அதுல ஒரே ஒரு நாளைத்தான் எடுப்போம். பெரிய மழை நாள். அது விட்டுப்போச்சுன்னா அந்த வருஷமே எங்களுக்கு வேஸ்ட்டு." பாராட்டாகத்தான் சொன்னார். அது எனக்குள் எப்படிப் போய் உட்கார்ந்தது என்று அவருக்குத் தெரியாது. அதற்கப்புறம் ஒவ்வொரு மழைக்காலமும், இன்றைக்கா, நாளைக்கா, எந்த நாள் அந்த நாள் என்று ஒரு பதைப்பு. பதினோரு வருஷம் ஒரு நாள்கூட விடாதவள் என்ற கர்வம் வேறு. கர்வம் என்றுதான் சொல்ல வேண்டும், கடமை என்று சொல்லி இதைக் கழுவிவிட நான் தயாராக இல்லை.

அந்த வருஷம் நீ மூன்றாம் வகுப்பு. அப்போது ராஜா அண்ணாமலைபுரத்தில் மாடி போர்ஷனில் இருந்தோம். அந்த நாளுக்கு முந்தின நாள் காலை நோட்டில் எழுதிவிட்டு வரும்போது பள்ளிக்கூடப் படியில் வழுக்கி என் கணுக்கால் பிசகிவிட்டது. கட்டுப் போட்டுப் படுத்திருந்தேன். சாயங்காலம் பிடித்த மழை விடவே இல்லை. விடிந்தபோது தெருவில் முழங்கால் தண்ணீர். பள்ளிகளுக்கு விடுமுறை என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். என் மனசு மைதானத்தில் இருந்தது. பாட்டில் நிரம்பியிருக்கும், சீக்கிரம் போய் எடுத்து அளந்து திரும்ப வைக்காவிட்டால் வழிந்துவிடும், எனக்குத் தெரியும். இதுதான் அந்த நாள், இந்த வருஷத்தின் அந்த ஒரே நாள், அதுவும் எனக்குத் தெரியும். நொண்டிக்கொண்டே எழுந்து புடவையைச் சரிசெய்தேன். அப்பா தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஒரு நாள் விட்டா இன்னா டீச்சர்? மழை கோச்சுக்குமா?"

"ஒரு நாள் விட்டா இந்த வருஷமே ஓட்டைங்க. பதினோரு வருஷம் கட்டினது. நீங்க போக வேணாம், நானே போறேன். தள்ளுங்க."

நானே போகிறேன் என்று சொன்னது போவதற்காக அல்ல. அப்படிச் சொன்னால் அவர் கிளம்பிவிடுவார் என்று தெரிந்துதான் சொன்னேன். பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அதுகூடவா தெரியாது? அவர் என் முகத்தைப் பார்த்தார், சிரித்தார், ஆணியில் தொங்கிய ரெயின்கோட்டை எடுத்து மாட்டினார். எட்டரைக்குச் சரியாக அளக்க வேண்டும், குவளையைக் கண் மட்டத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும், பாட்டிலைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். கவனமாகப் போய்விட்டு வாருங்கள் என்று சொன்னேனா என்று இருபத்தைந்து வருஷமாக யோசிக்கிறேன். சொன்ன ஞாபகம் இல்லை.

இப்போது இதை மெதுவாகப் படி, தம்பி. அவர் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு, பேன்ட்டை மடித்துவிட்டு, கதவைத் திறந்த பிறகுதான் நீ எழுந்து வந்தாய். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அப்பா, எங்க போற? எனக்கு ஜாம் பன்னு" என்றாய். அவர் ஏற்கெனவே வாசலுக்கு வெளியே ஒரு காலை வைத்துவிட்டார். நீ கேட்டதனால் அவர் கிளம்பவில்லை. கிளம்பிவிட்ட மனுஷனிடம் நீ பன் கேட்டாய், அவ்வளவுதான். "ஓகேடா நைனா" என்று உன் தலையில் ஈரமில்லாத கையால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் படியிறங்கினார்.

பன் கடை நம் தெருமுனையில்தான் இருந்தது. பன்னுக்காக மட்டும் போயிருந்தால் ஐந்து நிமிஷத்தில் திரும்பியிருப்பார், அந்தக் கடை வாசலில் தண்ணீர்கூட அவ்வளவு இல்லை. அவர் விழுந்தது அங்கே இல்லை. பள்ளிக்கூடம் இருக்கிற தெருவில், கேட்டுக்கு நூறடி முன்னால். பள்ளிக்கூட வாட்ச்மேன் மாணிக்கம் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் என்னிடம் அழுதுகொண்டே சொன்னார்: "தண்ணி வடியட்டும்னு தெருக்காரங்க மேன்ஹோல் மூடியத் தூக்கி வச்சிருந்தாங்கோ டீச்சர். கொம்பு நட்டு செவப்புத் துணி கட்டியிருந்தாங்கோ, அத்த தண்ணி இழுத்துகினு பூட்ச்சி. சார் வந்துகினு கீறாரு. என்னப் பாத்து கைய ஆட்டி, 'மாணிக்கம், டப்பா ரொம்பிச்சா?'ன்னு கேக்கறாரு. நான் பதில் சொல்லத்துக்குள்ள ஆளக் காணோம்." அந்தத் தெருவின் பழைய பைப்புக்கு அந்த மழை கொள்ளவில்லை. கொள்ளாததால் மூடியைத் தூக்கினார்கள். தூக்கினவர்கள் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை, வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் நானும் தூக்கியிருப்பேன்.

அவருடைய கைக்கடிகாரத்தையும் ரெயின்கோட்டுப் பையில் இருந்ததையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நம் வீட்டுக் கூடத்தில், அப்பாவைக் கிடத்தி மெழுகுவத்தி ஏற்றி, பங்கு மக்கள் சுற்றி உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கே.கே. நகரிலிருந்து உன் பெரியப்பா மார்பளவு தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இந்த மழையில எதுக்கு வெளிய போனான்?" என்பதுதான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பாட்டில் மழைத் தண்ணிக்காகப் புருஷனை அனுப்பினேன் என்று எப்படிச் சொல்வேன்? அதற்குள் பெரியப்பா அந்தத் துணிப்பையைத் திறந்து, கைக்குட்டைக்குள் பிளாஸ்டிக் உறையில் சுற்றியிருந்த ஜாம் பன்னை வெளியே எடுத்தார். "ஐயோ, பையனுக்குப் பன்னு வாங்கப் போயிருக்கானே பாவி!" என்று கதறினார். கூடம் முழுக்க அழுகை எழுந்தது. நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அதுதான் என் முதல் பொய். நீ அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். நீ கேட்டுவிட்டாய் என்று எனக்கு அப்போதே தெரியும், உன் முகத்தைப் பார்த்தேன். மாணிக்கம் வாசலில் நின்று என்னையே பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். பின்னாளில் நான் அந்தப் பேச்சை எடுக்க முயன்றபோது, "நான் இன்னாத்துக்கு டீச்சர் யாராண்டயாவது சொல்லப்போறேன்?" என்றார். சாகும்வரை சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் நொண்டிக்கொண்டே மைதானத்துக்குப் போனேன். பைத்தியக்காரி என்று சொல், கேட்டுக்கொள்கிறேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. பாட்டில் வாய்வரை நிரம்பி வழிந்து, வெளி டப்பாவும் நிரம்பி, அதற்குள் மைதானத்துச் சேறும் கலந்திருந்தது. எவ்வளவு பெய்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நான் பாட்டிலில் இருந்ததை மட்டும் குவளை குவளையாக அளந்தேன். கண் மட்டத்தில் பிடித்து, ஒழுங்காக. அந்த அளவை அவர் போன தேதிக்கு நேராக எழுதினேன். அடுத்த இரண்டு நாளுக்கும் 'பார்க்கவில்லை' என்று எழுதினேன். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி இருக்கிறதே, அங்கே 'பாட்டில் வழிந்தது' என்று எழுத வேண்டும். அதுதான் விதி, பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்தது. எழுதவில்லை. காலியாக விட்டேன். அப்படி விட்டால், எட்டரைக்கு ஒருவர் வந்து பார்த்து அளந்துவிட்டுப் போனது போல இருக்கும். இந்த உலகத்தில் ஒரு தாளிலாவது அவர் போய்ச் சேர்ந்திருக்கட்டும் என்று நினைத்தேன். அது என் இரண்டாவது பொய்.

ஆக, உன் கோட்டின் மேல் அத்தனை கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறதே, அந்தப் புள்ளி மழையின் அளவு இல்லை, பாட்டிலின் அளவு. இந்த ஊரில் ஒரு நாளைக்கு இதற்கு மேல் பெய்யாது என்று யாரோ ஒருவர் கணக்குப் போட்டுத்தான் அந்தப் பாட்டிலைக் கொடுத்திருப்பார். உன் கணக்கும் அதே இடத்துக்கு வந்து நிற்பதில் ஆச்சரியம் என்ன? உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன், டீச்சர் வாய் சும்மா இருக்காது. ரொம்ப ஒழுங்காகப் பொருந்துகிற எண்ணைக் கண்டால் சந்தோஷப்படாதே, போய் விசாரி. எழுதியவரைத் தேடிப் போய், அன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று கேள். நோட்டில் எண்களைப் படிக்கும் முன்னால் குறிப்புப் பத்தியைப் படி. அது காலியாக இருந்தால் இன்னும் கவனமாகப் படி.

இனி எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி. அடுத்த கல்லறைத் திருநாளுக்கு நாம் அப்பாவின் கல்லறையைக் கழுவிப் பூ வைக்கப் போனோம். உனக்கு ஒன்பது வயது. தூறிக்கொண்டிருந்தது. நான் மெழுகுவத்தி ஏற்ற முடியாமல் குடைக்கடியில் போராடிக்கொண்டிருந்தபோது நீ உன் டவுசர் பையிலிருந்து ஒரு ஜாம் பன்னை எடுத்துச் சிலுவைக்குக் கீழே வைத்தாய். அது மழையில் ஊறிப் பிய்ந்துபோவதை நின்று பார்த்தாய். "சாரிப்பா" என்றாய். நான் கேட்டேன், தம்பி. கேட்டுவிட்டு, காதில் விழாதது போல, "சாமியார் கல்லறைய மந்திரிக்க வர்றாரு, நேரா நில்லு" என்றேன். பத்து வயதில் ஒரு நாள், கணக்கு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே தலையைத் தூக்காமல் கேட்டாய், "நான் பன்னு கேக்காம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாரு இல்லம்மா?" அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும்: "எல்லாம் ஆண்டவர் சித்தம்ப்பா." என் பாவத்தைத் தூக்கி ஆண்டவர் தலையில் வைத்தேன், நீ சுமந்ததை உன் தலையிலேயே விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் நீ யாரிடமும் எதையும் கேட்டதே இல்லை. தீபாவளி, கிறிஸ்துமஸ் எதற்கும் இது வேண்டும் என்று வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள், "உங்க பையன் தங்கம் டீச்சர், ஒரு தொந்தரவு இல்ல" என்பார்கள். எனக்கு உள்ளே பற்றி எரியும். காலேஜில் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டதற்கு, "தண்ணி தேங்காம இருக்கிறதுக்கு ஒரு படிப்பு இருக்காம்மா" என்றாய். நீ பாட நினைத்தாயோ, படம் வரைய நினைத்தாயோ, எனக்குத் தெரியாது. உன் ஆயுசையே ஒரு பன்னுக்குப் பதிலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே சும்மா இருந்தேன். முதலில் ஊர் என்ன சொல்லும் என்று பயந்தேன். பிறகு நீ என்னை வெறுத்துவிடுவாய் என்று பயந்தேன். அவரும் போய், நீயும் போய்விட்டால் எனக்கு என்ன இருக்கும் என்று நினைத்தேன். தாய் என்கிற வார்த்தைக்கு என்ன பொருளோ, அதற்கு நேர் எதிராக நடந்துகொண்டேன்.

இப்போது மட்டும் எதற்கு வாய் திறந்தது என்று கேட்பாய். மூன்று வாரத்துக்கு முன்னால் நீங்கள் எல்லாரும் வந்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நீ காரிலிருந்து பையை எடுத்துவரக் குடையை எடுத்தாய். உன் மகள் ஓடி வந்து உன் காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா, எனக்கு பன்னு" என்றாள். நாலு வயதுக் குழந்தை. அவள் கையை உதறிவிட்டு, "மழை பெய்யும்போது யார்கிட்டயும் எதையும் கேக்கக் கூடாது! எத்தனை தடவை சொல்றது?" என்று கத்தினாய். குழந்தை அழவில்லை, ஒதுங்கிப் போய் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றாள். வீடு மாறினாலும் அதே அலமாரி, தம்பி. அன்றைக்கு நீ நின்றதும் அதன் பக்கத்தில்தான்.

அன்று சாப்பிட்டபின் நான் சும்மா பேச்சுக்குப் போல உன்னைக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? மழைமானி வழிந்துபோனால் அந்த நாளைத் தூக்கிப் போட்டுவிடுவீர்களா என்று. நீ உடனே உற்சாகமாகிவிட்டாய். "இல்லம்மா, தூக்கிப் போட்டா இன்னும் பெரிய தப்பு. எவ்வளவுன்னு தெரியாது, ஆனா இவ்வளவுக்கு மேலன்னு தெரியுமில்ல? 'இதற்குக் குறையாமல்'னு குறிச்சுக்குவோம். அதுக்கும் தனியா கணக்கு இருக்கு. கோடு மேல ஏறும், அவ்வளவுதான்." நான் உன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். போன வருஷம் மாணிக்கமும் போய்விட்டார். நானும் அறுபதைத் தாண்டிவிட்டேன், போன மாதம் மாடிப்படியில் ஒரு தடவை கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, உன்னிடம் சொல்லவில்லை. நான் போய்விட்டால் இது உனக்கு எந்த நாளும் தெரியாமலே போய்விடும்.

ஆகவே திங்கட்கிழமை கொடுக்காதே. ஆபீஸில் எரிச்சல்படுவார்கள், தோண்டுகிற செலவு கூடும் என்பார்கள், கூடட்டும். அந்தப் புள்ளிக்கு 'இதற்குக் குறையாமல்' என்று குறித்து, கோட்டை மறுபடி வரை. அடுத்த சைஸ் பைப் வேண்டியிருந்தால் வேண்டும் என்று எழுது. நீ சின்ன பைப்பைப் போட்டால் அந்தத் தெருக்காரர்கள் என்றைக்காவது மறுபடியும் மூடியைத் தூக்குவார்கள், யாருடைய புருஷனோ அந்த வழியாக நடந்து வருவான். பலர் முன்னால் உன் மேல் பழி விழுந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் பலர் முன்னால்தான் அதை எடுக்க வேண்டும். அதற்குத்தான் பங்கு இதழ். கே.கே. நகருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். பெரியப்பா திட்டுவார். திட்டட்டும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. எவ்வளவு கேட்க வேண்டும் என்று அளந்து சொல்லும் குவளை என்னிடம் இல்லை. நீ சில நாள் வராமல் இருக்கலாம், சில வருஷம் வராமல் இருக்கலாம். கதவு பூட்டியிருக்காது. நோட்டு மேசை மேல் இருக்கிறது. இன்று காலை எட்டரைக்கு அந்தத் தேதியின் குறிப்புப் பத்தியில், இருபத்தைந்து வருஷம் கழித்து, எழுதிவிட்டேன்: 'பாட்டில் வழிந்தது. அளக்க அனுப்பப்பட்டவர் வந்து சேரவில்லை.' அவர் போய்ச் சேர்ந்திருந்த ஒரே இடம் அந்தத் தாள். அங்கேயிருந்தும் அவரை எடுத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் பாக்கி. துணிப்பையில் வந்த அந்தப் பன்னை அன்று நான் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். அவர் உறையை இரண்டாக மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, அதன் மேல் தன் கைக்குட்டையைச் சுற்றியிருந்தார். அவர் முழுக்க நனைந்து வந்தார். பன் நனையவே இல்லை. நீ கேட்டது அவருக்குச் சுமையாக இருக்கவில்லை, தம்பி. அன்று காலை அவரிடம் கேட்கப்பட்டது இரண்டு. அவர் முடித்துக்கொடுத்தது உன்னுடையதைத்தான். நாளைக்கு மழை பெய்தாலும் பரவாயில்லை, உன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய் ஒரு ஜாம் பன் வாங்கிக்கொடு. நீயும் ஒன்று சாப்பிடு.

அம்மா